ஸ்கேனில் நிழல் எல்லாம் கருப்பாகிறது: தட்டையாக எடுப்பதா, அங்கேயே சரிசெய்வதா?

தகடூரான்:
எங்கள் பெரியப்பா 1980களில் தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நடுகல் தேடி அலைந்தவர். (அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது.) அவர் எடுத்த ஸ்லைடுகளும், ஊட்டியில் தயாரான ‘இந்து’ கருப்பு வெள்ளை நெகட்டிவ்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்தேன். ஜேபெக்காக வந்தது. பளிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் கல்லின் நிழல் பக்கம் முழுக்கக் கருப்பு. வட்டெழுத்து இருப்பதே அங்கேதான். ஒகேனக்கல் படங்களில் அருவி வெறும் வெள்ளைத் திட்டு. மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டுமா, இருப்பதையே ஃபோட்டோஷாப்பில் தேற்றலாமா?

ஓசூர்க்காரன்:
தேற்ற முடியாது. ஆட்டோ (தானியங்கிச் சரிசெய்தல்) போட்டு ஸ்கேன் செய்திருப்பார்கள். படம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மென்பொருள் மிக இருண்ட, மிக வெளிச்சமான இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடும். வெட்டிய பகுதி கோப்பில் இல்லவே இல்லை, எதை வைத்துத் தேற்றுவது? ஆட்டோவை நிறுத்துங்கள். ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) கருப்பு, வெள்ளைப் புள்ளிகளைப் படத்தின் தகவலுக்குக் கொஞ்சம் வெளியே வையுங்கள். 16 பிட்டில், டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். படம் சோகை பிடித்தது போல வரும், வரட்டும். தட்டையாக எடுப்பது என்பது இதைத்தான். கான்ட்ராஸ்டைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்டுடியோ_மாமா:
தம்பி, இந்த ‘தட்டையாக எடு’ வேதம் இணையத்தில் மட்டும்தான் ஓடும். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கடை வைத்து இருட்டறையில் வாழ்ந்தவன் நான். பிரிண்ட் பேப்பரில் நெகட்டிவில் உள்ள அத்தனையும் ஏறாது. எதை விடலாம், எதை வைக்கலாம் என்று முடிவு செய்வதுதான் தொழிலே. சாம்பல் பூசிய கோப்பைக் கொடுத்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். ஒரு படம் 46 எம்பி வேறு!

ஓசூர்க்காரன்:
மாமா, பிரிண்ட் போட்ட பிறகும் நெகட்டிவ் உங்கள் கையில் இருந்தது. வேண்டுமென்றால் நாளைக்கு வேறு கிரேடு (கான்ட்ராஸ்ட் அளவு) பேப்பரில் மறுபடி போடலாம். இங்கே ஸ்லைடின் சாயம் மங்கிக்கொண்டே போகிறது, மழைக்காலத்தில் பூஞ்சை வேறு. நாளைக்கு இந்தக் கோப்புதான் நெகட்டிவ். பிரிண்டுக்கான முடிவை இதற்குள்ளேயே எப்படிப் போடுவது? 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) 46 எம்பி என்றால், ஆயிரம் ஸ்லைடுக்கும் 46 ஜிபிதான். ஒரு பென்டிரைவ்.

பிட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கருப்பு வெள்ளை நெகட்டிவின் அடர்த்தி வீச்சு சாதாரணமாக 1.2 அளவுதான் (இது மடக்கைக் கணக்கு: 1 என்றால் 10 மடங்கு). அதாவது மிகத் தெளிவான இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் 16 மடங்கு வித்தியாசம். காட்சியில் இருந்த பெரிய வெளிச்ச வித்தியாசத்தை அந்தச் சின்ன இடத்துக்குள் பிலிம் அடக்கிவைத்திருக்கிறது. எந்த ஸ்கேனரும் இதைப் படிக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 8 பிட்டில் மொத்தம் 256 படிகள். தட்டையாக எடுத்த நெகட்டிவ் அதில் எண்பது படிகளை மட்டும் பிடித்திருந்தால், அந்த எண்பதை 256க்கு இழுக்கும்போது வானத்தில் பட்டை பட்டையாக விழும். 16 பிட்டில் 65,536 படிகள், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

ஸ்லைடு வேறு சாதி. அடர்த்தி 3ஐத் தாண்டும், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல். அங்கே பிட் மட்டும் போதாது, கறுப்புக்குள் ஸ்கேனரின் கண் நுழைய வேண்டும்.

பர்கூர்_பிலிம்:
அதனால்தான் நான் பிளாட்பெட்டை (கண்ணாடிமேல் படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேனர்) விட்டுவிட்டேன். எப்சன் வி600 ஸ்கேனர் பெட்டியில் அடர்த்தி 3.4 என்று போட்டிருக்கும், அது காகிதக் கணக்கு. ஸ்லைடின் நிழலைக் கொஞ்சம் தூக்கினாலே புள்ளி புள்ளியாக இரைச்சல். இப்போது கேமராவில்தான் எடுக்கிறேன்: மேக்ரோ லென்ஸ், பின்னால் நல்ல எல்இடி பலகை, 14 பிட் ரா கோப்பு. அருவி வெட்டுப்படாத அளவில் ஒன்று, நிழலுக்காக மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி ஒன்று. இரண்டையும் சேர்த்துவிடுவேன். எழுத்து தெரியும்.

ஸ்டுடியோ_மாமா:
தெரியும், ஸ்லைடில் இருந்தால்! ஸ்லைடுக்கு வெளிச்சத்தைத் தாங்கும் அளவு குறைவு. அந்தக் காலத்தில் கொஞ்சம் குறைத்து எடுத்திருந்தாலே நிழல் பிலிமிலேயே செத்துப்போயிருக்கும். பிலிமே பிடிக்காததை எந்த ஸ்கேனரும் தராது. முதலில் ஸ்லைடை ஒரு வெள்ளை எல்இடி பல்புக்கு முன்னால் பிடித்து, லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எழுத்து தட்டுப்பட்டால் மேலே செலவு செய்யுங்கள். தட்டுப்படவில்லையா, அதை விட்டுவிட்டு அதே கல்லின் நெகட்டிவைத் தேடுங்கள்.

ஓசூர்க்காரன்:
இந்தச் சோதனைக்கு மறுப்பே இல்லை. எல்லாரும் செய்ய வேண்டியது.

இன்னொன்று: நெகட்டிவில் ஹிஸ்டோகிராமின் ஓரங்கள் இடம் மாறும். ஸ்லைடில் வலது ஓரம் வெட்டுப்பட்டால் அருவி போகும். நெகட்டிவைத் திருப்பாமல் (பாசிட்டிவாக மாற்றாமல்) அப்படியே எடுக்கும்போது வலது ஓரம் வெட்டுப்பட்டால் போவது காட்சியின் நிழல், அதாவது உங்கள் வட்டெழுத்து.

தகடூரான்:
பல்பில் பார்த்தேன். ஸ்டுடியோ கோப்பில் கருப்பாக இருந்த பல ஸ்லைடுகளில் எழுத்து தெரிகிறது. சிலதில் ஒன்றுமே இல்லை. இந்து நெகட்டிவ்களில் அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. தூசிக்கு ஸ்கேனரில் அகச்சிவப்பு வசதி இருக்கிறதே, போடலாமா?

பர்கூர்_பிலிம்:
கருப்பு வெள்ளைக்குப் போடவே போடாதீர்கள். அந்த பிலிமில் படமாக இருக்கும் வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும், ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஊதுகுழாயும் பிரஷ்ஷும் போதும்.

ஸ்டுடியோ_மாமா:
சரி, நடுகல்லுக்குத் தட்டையாகவே எடுங்கள், அது ஆவணம். ஆனால் அந்தப் பெட்டியில் கல்யாண கலர் நெகட்டிவ் ஏதாவது இருந்தால் இவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆரஞ்சு அடித்தளத்தைக் கையால் திருப்பினால் மணப்பெண் முகம் நீலம் பாரிக்கும். ஸ்கேனர் மென்பொருளே திருப்பட்டும்.

ஓசூர்க்காரன்:
முகம் நீலம் பாரிப்பது நீலச் சேனலுக்கு வெளிச்சம் போதாமல்தான், மாமா. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலுக்கும் தனித்தனியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வராது. மென்பொருள் திருப்பினால் பட்டுப்புடவைச் சரிகை வெள்ளையாக வெந்துவிடும், அதைப் பரவாயில்லை என்கிறீர்களா?

ஸ்டுடியோ_மாமா:
கல்யாண ஆல்பத்தில் முகத்தைத்தான் பார்ப்பார்கள், சரிகையை அல்ல.