மறு: 'பம்ப் பார்' – தமிழில் என்ன?

வணக்கம். பர்கர் கடைச் சமையலறையில், தயாரான ஆர்டரைத் திரையிலிருந்து நகர்த்தத் தட்டும் பொத்தான் பட்டைதான் பம்ப் பார் (bump bar); அப்படித் தட்டுவது பம்ப். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டது:

> பம்ப் = நீக்கு, பம்ப் பார் = நீக்குப்பட்டை என்று வைக்கலாமே?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்தேன். பர்கர் கடை ஒன்றின் சமையலறையில் இரண்டு வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், 'நீக்கு' அங்கே குழப்பும். கல்லாவில் ஆர்டரை ரத்து செய்வதும் நீக்கல்தான். பம்ப் அதற்கு நேர் எதிர்: உணவு தயார், எடுத்துப் போகலாம்.

பார்க்காதவர்களுக்காக: கல்லாவிலோ, வாடிக்கையாளரே தட்டும் கியோஸ்க் இயந்திரத்திலோ போட்ட ஆர்டர், சமைப்பவர் கண்ணுக்கு நேரே உள்ள திரையில் கட்டம் கட்டமாக வரும். கே.ஓ.டி. (சமையலறைக்கு வரும் ஆர்டர்) சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, அதன் வாரிசு. நேரம் ஆக ஆகக் கட்டம் மஞ்சளாகும், பிறகு சிவக்கும். திரைக்குக் கீழே நாலைந்து விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதில் கெட்டியான பொத்தான்கள். அதுதான் பம்ப் பார். எண்ணெய்க் கைக்கும் கையுறைக்கும் தொடுதிரை சரிவராது என்பதால் இந்த ஏற்பாடு. 1 என்ற பொத்தானைத் தட்டினால் முதல் கட்டம் போய்விடும். இப்படி ஒவ்வொருவர் திரையாகத் தாண்டி, கடைசித் திரையிலும் தட்டியபின்தான், வெளியே காத்திருப்பவரின் எண் 'தயாராகிறது' என்பதிலிருந்து 'தயார்' பக்கத்துக்கு நகரும். அதாவது ஆர்டர் நீங்குவதில்லை, அடுத்த ஆளிடம் போகிறது.

மற்றப் பரிந்துரைகள்: 'முடிவிசை' வேண்டவே வேண்டாம். சமையலறையில் 'முடி' என்று எழுதி ஒட்டினால் சாப்பிட வந்தவர் எழுந்து போய்விடுவார். 'தள்ளுபட்டை' காதில் தள்ளுபடி என்றே விழுகிறது. 'அனுப்பு', ஆர்டரைச் சமையலறைக்கு அனுப்பும் கல்லாக்காரருக்கு வேண்டும்.

என் பரிந்துரை 'தட்டிவிடு'. "ஒரு மெயில் தட்டிவிடுங்க" என்று நாமே சொல்கிறோம். தட்டுவதும் அனுப்பிவிடுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. "பம்ப் பண்ணியாச்சா?" என்பவர்கள் "தட்டியாச்சா?" என்று கேட்க நாக்கு சிரமப்படாது. தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு ஆகாதா என்பீர்கள். இந்தக் கடைகளில் எல்லாம் காகிதமும் அட்டைப்பெட்டியும்தானே! இன்னொரு வசதி, இதிலிருந்து வேறு சொற்களும் பிறக்கும். நேரக் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று பர்கர் தயாராகும் முன்பே பம்ப் செய்யும் திருட்டு வேலை ஒன்று உண்டு (எங்கள் கடையில் மதியம் ஒரு மணிக்கு அதுதான் நடக்கும்). அதை 'முன்தட்டல்' என்று சொல்லிவிடலாம். தவறாகத் தட்டியதைத் திரும்பக் கொண்டுவரும் 'ரீகால்', 'மீட்டெடு'.

கருவிக்கு 'தட்டுக்கட்டை'. ஆர்மோனியத்தில் அழுத்துவதைக் கட்டை என்கிறோமே, அந்தக் கட்டை.

திரைக்கு 'அடுக்களைத் திரை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜன்னல் துணி நினைவுக்கு வருகிறது. 'ஆர்டர் திரை' போதும். ஆர்டரை 'ஆணை' ஆக்க வேண்டாம், பொரித்த உருளைக்கிழங்குக்கு அரசாணையா?

கட்டை என்றதும் விறகுதான் தோன்றுகிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டு, பயிற்சிக் கையேட்டில் 'தட்டுக்கட்டை' என்றே போட்டுவிடுகிறேன்.