ஆட்டோஹாட்கீ கிளிக் ஸ்கிரிப்ட்: எஃப்6-இல் ஓடுகிறது, நிறுத்த முடியவில்லை

கேள்வி:
மைன்கிராஃப்ட் ஜாவா, சிங்கிள் பிளேயர். மாப் ஃபார்மில் (ஸோம்பி போன்றவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் கொல்லும் அமைப்பு) வாளால் தானாக அடிக்க ஆட்டோஹாட்கீ (விண்டோஸில் கீ, மவுஸ் வேலைகளைத் தானாகச் செய்யும் மென்பொருள்) வெர்ஷன் 2-இல் எழுதிய ஸ்கிரிப்ட் இது: எஃப்6 அழுத்தினால் டாகிள் (ஓடு/நில் என்று மாறும் வேரியபிள்) மாறும், வைல் லூப்புக்குள் கிளிக், அடுத்து ஸ்லீப் 500. ஓட ஆரம்பித்தபின் மறுபடி எஃப்6 அழுத்தினால் நிற்பதில்லை, டிரேயில் போய் எக்சிட் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடி விழுகிறது, ஆனால் பக்கத்தில் நிற்கும் ஸோம்பிகளுக்கு ஸ்வீப் (சுற்றி நிற்பவற்றையும் தாக்கும் வாள்வீச்சு) படவில்லை. சில சமயம் நோட்பேடில் கிளிக் விழுகிறது, கேமுக்குள் விழுவதே இல்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
நிற்காததற்குக் காரணம் லூப்தான். ஒரு ஹாட்கீக்கு (எஃப்6 போல ஸ்கிரிப்டை இயக்கும் கீ) ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் (ஓட்டம்) என்பதுதான் டிஃபால்ட். முதல் எஃப்6 லூப்புக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் இரண்டாவது அழுத்தலை ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது. அந்த எண்ணிக்கையை மாற்றும் மேக்ஸ்த்ரெட்ஸ்பர்ஹாட்கீயை 2 ஆக்கினாலும் நிற்கும், ஆனால் அது ஒட்டுவேலை. லூப்பை எடுத்துவிட்டு, கிளிக்கைத் தனி ஃபங்ஷனில் வைத்து செட்டைமரால் (குறித்த மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஃபங்ஷனை ஓட்டும் கட்டளை) கூப்பிடுங்கள். எஃப்6-இன் வேலை டைமருக்கு 650 கொடுப்பது, அல்லது 0 கொடுப்பது. 0 என்றால் நின்றுவிடும்.

650 ஏன் என்றால், 2016-இல் வந்த மைன்கிராஃப்ட் 1.9 முதல் ஒவ்வோர் அடிக்கும் கூல்டவுன் (அடுத்த அடி முழு பலத்தோடு விழக் காத்திருக்க வேண்டிய நேரம்) உண்டு. வாளுக்கு அது 0.625 செகண்ட். 500 மில்லிசெகண்டில் அடித்தால் டேமேஜ் முக்கால் பங்குதான் இறங்கும், ஸ்வீப்புக்குத் தேவையான அளவு சார்ஜும் ஏறியிருக்காது. விண்டோஸ் டைமர் 15 மில்லிசெகண்ட் வரை முன்பின் ஆகலாம், அதனால் 625-ஐ ஒட்டி வைக்காதீர்கள்.

கேட்டவர்:
செட்டைமருக்கு மாற்றினேன். எஃப்6 அழுத்தியதும் டாகிளுக்கு மதிப்பு தரப்படவில்லை என்று எரர்.

பதில் 1:
வெர்ஷன் 2-இல் ஹாட்கீயின் உள்பகுதி ஒரு ஃபங்ஷன். அதற்குள் மதிப்பு கொடுக்கும் வேரியபிள் லோக்கல் ஆகிவிடும், வெளியே எழுதியது அதற்குத் தெரியாது. ஹாட்கீக்குள் முதல் வரியிலேயே டாகிளை ஸ்டாட்டிக் (அடுத்த அழுத்தல் வரை மதிப்பை வைத்திருக்கும் வேரியபிள்) என்று அறிவித்து ஃபால்ஸ் கொடுங்கள். பழைய வெர்ஷன் 1 உதாரணங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பதில் 2:
நோட்பேடில் வேலை செய்து கேமில் செய்யாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அட்மின் உரிமை. லாஞ்சரை அட்மினாகத் திறந்திருந்தால், சாதாரணமாக ஓடும் ஸ்கிரிப்ட் அனுப்பும் கிளிக்கை விண்டோஸ் தடுத்துவிடும், எரர்கூட வராது. லாஞ்சரை அட்மின் இல்லாமல் திறப்பதே நல்லது. முடியாதென்றால் ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓட்டுங்கள்.

டைமர் ஃபங்ஷனில் கிளிக்குக்கு முன்னால் வின்ஆக்டிவ் என்ற ஃபங்ஷனை வைத்துக் கேம் விண்டோ முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இல்லையென்றால் ஆல்ட்-டேப் செய்ததும் பிரவுசரில் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே கிளிக் விழும். ஃபோகஸ் போனால் கேம் பாஸ் மெனுவையும் திறக்கும், திரும்பி வந்ததும் அதிலுள்ள பட்டன் அழுந்தக்கூடும். எஃப்3-ஐப் பிடித்துக்கொண்டு பி அழுத்தினால் அந்தத் தானியங்கி பாஸ் நின்றுவிடும்.

வேறு கேமுக்கு இதே ஸ்கிரிப்டை எடுத்துப்போனால் ஒன்று கவனியுங்கள். ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் பட்டன் நிலையைப் பார்க்கும் கேம்கள் உண்டு. 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், வெர்ஷன் 2-இன் கிளிக் அதற்குள் அழுத்தி விட்டுவிடும், கேம் அதைப் பார்க்காமலே போகலாம். கிளிக் டவுன், ஸ்லீப் 40, கிளிக் அப் என்று பிரித்து எழுதினால் விழும். ஆன்லைன் சர்வர் என்றால் எழுதுவதற்கு முன்பே அங்குள்ள விதியைப் படியுங்கள். ஆட்டோகிளிக்கருக்குத் தடை போட்டிருக்கும் இடங்கள் நிறைய, கணக்கே போய்விடும்.