பலபடி உராய்வியல்: ‘அப்புபடலம்’ என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பலபடிகளின் (பாலிமர்களின்) உராய்வு, தேய்மானம், உயவு (லூப்ரிகேஷன்) பற்றிய கலைச்சொல் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உராய்வுக் கெழு, தேய்மான வீதம், திண்ம உயவுப்பொருள் இவற்றில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 1966-இல் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதப்பட்ட ஜோஸ்ட் அறிக்கையால் பரவிய ‘டிரைபாலஜி’ என்ற துறைப்பெயருக்கு ‘உராய்வியல்’ போதும். முட்டிக்கொண்டு நிற்பது ‘டிரான்ஸ்ஃபர் ஃபிலிம்’ ஒன்றுதான்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர்களில் கரி கலந்த டெஃப்லான் வளையங்களைப் பிஸ்டனில் மாட்டியிருப்பார்கள். ஓடிப் பழகிய சிலிண்டரைத் திறந்தால் உட்சுவரில் மங்கலான சாம்பல் நிறம் ஏறியிருக்கும். விரலால் தேய்த்தாலும் போகாது. வளையத்திலிருந்து உரிந்த டெஃப்லான்தான் உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதன்பின் டெஃப்லான்மீதே டெஃப்லான் வழுக்குகிறது, தேய்மானமும் இறங்கிவிடுகிறது.

எல்லாப் படலமும் இப்படி நிலைப்பதில்லை. கலப்பில்லாத டெஃப்லானின் உராய்வுக் கெழு 0.05 முதல் 0.1 வரைதான் இருக்கும், ஆனால் அது விடும் படலம் திட்டுத்திட்டாக ஒட்டிச் செதில்செதிலாக உதிரும். அதனால் உராய்வு குறைவாக இருந்தும் வேகமாகத் தேயும். ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950-களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டெஃப்லானை வைத்தபோது, சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் பாதித்தன. 1962-இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். கண்ணாடி இழை, கரி, வெண்கலத்தூள் போன்றவற்றைக் கலந்தால் டெஃப்லானின் தேய்மானம் நூறு மடங்கு, சில கலவைகளில் ஆயிரம் மடங்குகூடக் குறைகிறது. கலப்புப்பொருள் சுமையைத் தாங்குவதும், படலம் மெல்லியதாக, விட்டுப்போகாமல் பற்றிக்கொள்வதும் இதற்குக் காரணங்கள்.

> ‘மாற்றப் படலம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். இயல்பு மாறும் படலம் என்றுதான் அதைப் படிப்பார்கள். ‘கடத்து படலம்’ வெப்பக் கடத்தலோடு மோதும். பலபடிகளின் பெரிய பலவீனமே வெப்பத்தைக் கடத்தாததுதான் என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். ‘பெயர்படலம்’ நேர்மாறான பொருளைத் தருகிறது. காரை பெயர்ந்தது என்றால் விழுந்துவிட்டது என்றல்லவா பொருள்? ‘இழைபடலம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இழைத்தல் என்றாலே தேய்த்தல்தான். ஆனால் கண்ணாடி இழையும் கரி இழையும் புழங்கும் துறையில் அது நாராலான படலம் ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘அப்புபடலம்’. யாரும் பூசாமல், தானாக ஏறிப் பிடித்துக்கொண்டதை ‘அப்பிக்கொண்டது’ என்றுதானே சொல்கிறோம்? வினைத்தொகை என்பதால் இடையில் ப் மிகாது. வினையாகவும் புழங்கும்: ‘கலப்பு டெஃப்லானில் நீர் புகுந்தால் படலம் சரியாக அப்பாது, உலர்நிலையைவிடத் தேய்மானம் கூடும்.’ இந்த வாக்கியத்தை மற்ற நான்கு சொற்களிலும் எழுதிப் பாருங்கள்.

அன்புடன்.

———

மறுமொழி:

ஐயா, வினையாக வருவது நல்ல வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புவது என்றால் தடிமனாகச் சேறு அப்புவது போலத் தோன்றுகிறதே! இந்தப் படலம் பல நேரங்களில் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. ‘ஒட்டுப் படலம்’ போதாதா?

———

மறுமொழி:

அம்மா, ‘ஒட்டுப் படலம்’ என்றால் பசை தடவிய தாள் என்று எண்ணிவிடுவார்கள். தடிமன் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் கலப்பில்லாத டெஃப்லான் விடுவது தடித்த செதில். கலப்பு டெஃப்லான் விடுவது மெல்லிய படலம். இரண்டுக்கும் பொதுவான சொல்தான் நமக்கு வேண்டும். ‘தடித்த அப்புபடலம்’, ‘மெல்லிய அப்புபடலம்’ என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம். பட்டியலில் இப்படிப் போடலாமா?

அப்புபடலம்: உராயும்போது மென்மையான பொருளிலிருந்து உரிந்து, எதிர்ப்பரப்பில் பற்றிக்கொள்ளும் படலம்.

இன்னொன்றையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். பராமரிப்புக் கையேடுகளை மொழிபெயர்க்கும்போது இதைக் ‘கறை’ என்று எழுதக்கூடாது. கறை என்று படித்தவர் கரைப்பான் தொட்டு, பளிச்சென்று துடைத்துவிடுவார். புதுப் படலம் அப்பும்வரை வளையம் மறுபடியும் வேகமாகத் தேயும்.