மூன்றில் ஒரு பங்கு விலைக்கு மேக்புக்: நம்பலாமா?

கேள்வி:
கல்லூரியில் சேரும் என் மகளுக்கு லேப்டாப் தேடுகிறேன். ஒரு தளத்தில் 16 ஜிபி நினைவகம் கொண்ட மேக்புக் ஏர், மற்ற கடைகளின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. ‘பெட்டி பிரிக்காதது, இன்று மட்டும்’ என்கிறார்கள். விற்பவர் தந்த சீரியல் எண்ணை ஆப்பிள் தளத்தில் சோதித்தேன், சரியாகவே காட்டுகிறது. முழுப் பணத்தையும் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில் 1:
தயவுசெய்து அனுப்பாதீர்கள். சரியான சீரியல் எண், அப்படியொரு கணினி உலகில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது இவர் கையில் இருப்பதற்குச் சான்று ஆகாது. வேறொருவரின் விளம்பரப் படத்திலிருந்தே எண்ணை எடுத்துவிடலாம். வீடியோ அழைப்பில் பெட்டியையும் அதிலுள்ள எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் படங்கள் வேறு இடத்திலிருந்து எடுத்தவையா என்று, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் பாருங்கள். தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்று ‘ஹூஇஸ்’ சேவையில் பாருங்கள். சில வாரங்களுக்கு முன்புதான் என்றால் விலகிவிடுங்கள். எனக்கு மிகவும் உறுத்துவது வங்கிப் பரிமாற்றம்தான். கடன் அட்டை என்றால் வங்கியிடம் முறையிட வழியுண்டு. தாமாக அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம்.

பதில் 2:
கணினி உண்மையாகவே வந்தாலும் ஆபத்து தீராது. திருடப்பட்டதாகவோ, ஒரு நிறுவனம் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும்படி தன் பெயரில் பதிந்ததாகவோ இருந்தால், முழுவதும் அழித்து மீண்டும் நிறுவினாலும், இணையத்தில் இணைந்ததும் உரிமையாளரோ நிறுவனமோ போட்ட பூட்டு திரும்பிவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
வீடியோ அழைப்பு கேட்டேன். ‘பொருள் கிடங்கில் இருக்கிறது, முதலில் பாதிப் பணமாவது அனுப்புங்கள்’ என்கிறார். விட்டுவிட்டேன். இருவருக்கும் நன்றி.