கறிக்கடையில் ‘எந்த ஊர் ஆடு’ன்னு எழுதிப் போடணுமா?

காங்கேயத்தான்:
அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் புது விதி. கறிப் பாக்கெட்டில் ‘அமெரிக்கப் பொருள்’ என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் அந்த உயிர் அங்கேயே பிறந்து, வளர்ந்து, அறுபட்டு, பக்குவமாகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வெளிநாட்டு மாட்டிறைச்சியைக் கொண்டுவந்து அங்கே வெட்டிப் பொட்டலம் கட்டினாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நம்ம ஊரிலும் அதே கதைதான். ஈரோட்டில் இருந்து பொள்ளாச்சி வரை எந்தக் கடையில் கேட்டாலும் ‘மேச்சேரி ஆடுங்க’ என்று சேலம் பக்கத்துச் செம்மறி இனத்தைச் சொல்கிறார்கள், ஆந்திராவில் இருந்து லாரியில் வந்து இறங்குகிற ஆடெல்லாம் அப்புறம் எங்கே போகிறதாம்? ஊர் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லிச் சட்டம் வரணும்.

கறிக்கடை ஈரோடு:
ஏனுங்க, நான் சந்தையில் வாங்குவதே மூன்றாவது கையிடம் இருந்து. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடத்தில் ஆட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் சிரிப்பாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் வர்றவங்க நெஞ்செலும்பு இருக்கா, குடல் இருக்கான்னுதான் கேட்கறாங்க.

பல்லடம் பண்ணை:
கோழிக்கு எந்த ஊரை எழுதுவீங்க? குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்குது, அந்த இனத்தின் மூலம் வெளிநாடு, தீவனத்துச் சோளம் வேறு மாநிலம். நம்ம கொட்டாயில் ஆறு வாரம் இருந்துட்டு ராத்திரியோட ராத்திரியா கேரளா லாரி ஏறிடுது, எனக்கு வளர்ப்புக் கூலி மட்டும். ஆனா ஒண்ணு, பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழிக்குப் போட்ட தடை வழக்கில் 2015-ல் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா தோத்துப்போச்சு. 100 சதவீத வரியை வெச்சுத்தான் அந்த ஊர் கோழிக்காலை இத்தனை காலம் தள்ளி நிறுத்தினாங்க. அது இங்கே வந்து இறங்கினா லேபிள் கேட்டு முதல் ஆளா நான் நிற்பேன்.

காங்கேயத்தான்:
அதாவது உங்க பண்ணைக்கு ஆபத்துன்னா போர்டு வேணும், எங்க தட்டுக்குன்னா வேண்டாம்!

பவானிக்கரை:
அமெரிக்காவைப் பாதியில் இருந்து சொல்கிறீர்கள். அங்கே எந்த நாட்டுக் கறி என்று எழுதுவதை 2009-ல் மாட்டுக்கும் பன்றிக்கும் சேர்த்தே கட்டாயமாக்கினார்கள். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் கொழுத்த கன்றைத் தனியாகப் பிரித்து வெட்ட வேண்டியதானதால் ஆலைக்காரர்கள் ஒன்று விலையைக் குறைத்தார்கள், இல்லை வாங்குவதையே விட்டார்கள். கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. ஆண்டுக்கு சுமார் 100 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி வரி போடலாம் என்று 2015 டிசம்பரில் அனுமதி கிடைத்ததும் அதே மாதம் மாடு, பன்றி இரண்டுக்கும் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். ஆடு, கோழிக்கு மட்டும் கட்டாயம் நின்றது. இப்போது நீங்கள் சொல்லும் விதி கட்டாயமே இல்லை, பெருமைக்குப் பெயர் போடுகிறவன் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இங்கேயும் அது போதும்.

காங்கேயத்தான்:
ஐரோப்பாவில் கட்டாயம்தானே? பைத்திய மாட்டு நோய்க்கு அப்புறம் 2000-லேயே மாட்டிறைச்சிக்கு வந்துவிட்டது, 2015 ஏப்ரலில் பன்றி, ஆடு, கோழிக்கும். நடுவில் 2013-ல் மாட்டிறைச்சி என்று குதிரையை விற்று மாட்டினார்களே!

கறிக்கடை ஈரோடு:
அந்தக் குதிரையைப் பிடித்தது லேபிள் இல்லீங்க, மரபணுச் சோதனை. லேபிளில் மாடுன்னுதான் இருந்துச்சு.

பவானிக்கரை:
அதனால்தான் சொல்கிறேன், பின்னால் கணக்கு இல்லாமல் போர்டு மட்டும் வைத்தால் பொய்யைப் பெரிய எழுத்தில் எழுதினதாகத்தான் ஆகும். நம்ம ஊர் மாடுகளுக்கு 12 இலக்க எண்ணோடு காதுவில்லை மாட்டுகிறார்கள். ‘மேச்சேரி’ என்று போட ஆசைப்படுகிற கடைக்கு மட்டும் அதுபோல ஒன்று, பட்டியில் இருந்து ரசீதோடு வரட்டும். மற்ற கடைகள் சும்மா ‘ஆட்டுக்கறி’ என்று விற்கட்டும்.

கறிக்கடை ஈரோடு:
சரி, நாளைக்கே போர்டை அழிச்சிடறேன். வாயில் சொல்றதுக்கு ரசீது கேட்க மாட்டீங்களே?