பாம்பன் வீட்டு வாட்ஸ்அப் குழு: ரேவதி வர்ற மூணு நாள்

ரேவதி கனடா: எல்லாருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் 20 காலையில மதுரையில எறங்குறோம். நானு, அவரு, பிள்ளைக ரெண்டு, எங்க அத்தை. மாமனார் அஸ்தியில கொஞ்சம் எடுத்து வச்சிருந்தோம்ல, அத அக்னி தீர்த்தத்துல கரைச்சு திதி குடுக்கணும்னு அத்தை ஒரே புடியா நிக்கிறாங்க. அது போக மூணு நாள் இருக்கு, பிள்ளைகளுக்கு என்னென்ன காட்டலாம்னு சொல்லுங்க. அவரு ட்ரோன் வேற எடுத்துட்டு வர்றேங்கிறாரு

மீனா: வாங்க வாங்க

குமார்: சூப்பர்

செல்வி: லாட்ஜ் கீட்ஜ் போட்றாத. வீடு இருக்கு

குமார்: அத்தை அங்க ஒரே பாத்ரூம்

மீனா: அதுவும் வெஸ்டர்ன் இல்ல

செல்வி: போடணும்னு மூணு வருசமா பேசுறாங்க. காசுன்னு வந்தா ஒருத்தரையும் காணோம்

பாண்டி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி: அழிச்சா? நான் படிச்சிட்டேன் பாண்டி. அப்பா கட்டுன வீடு அது. லாட்ஜுக்காரன் கேட்டா தூக்கிக் குடுத்துருவியா

பாண்டி: நான் ஒண்ணும் சொல்லல

ராமநாதன் பாம்பன்: ரேவதி தாயி, மொத விசயம் ட்ரோன் வேண்டவே வேண்டாம். 2022ல இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, ஏர்போர்ட்லயே கஸ்டம்ஸ்ல புடிச்சு வச்சுக்குவாங்க, அதுவும் இது எல்லைப் பகுதி, நேவி இருக்கு கோஸ்ட் கார்டு இருக்கு, மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்லு. ரெண்டாவது, மதுரையில இருந்து வேன்லயே வந்து எறங்காதீங்க. மண்டபத்துல பிள்ளைகளை ரயில் ஏத்தி விடுங்க, பாலத்து மேல ரயில்லதான் வரணும். ரோடு பாலத்துல நின்னு போட்டோ எடுக்குறவன் பாலத்தைப் பாத்தான்னு சொல்ல முடியாது. பழைய பாலம் 1914ல தெறந்தது, கப்பல் வந்தா ஆளுக நின்னு கையால சுத்தித்தான் தூக்குவாங்க, நான் வேலை பாத்த காலத்துல எத்தனையோ தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அந்த இரும்பு மொனகுற சத்தம் இன்னும் காதுல இருக்கு. புதுப்பாலம் 2025 ஏப்ரல்ல தெறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். பழசு இன்னும் நின்னா ரெண்டையும் பக்கத்து பக்கத்துல பாக்கலாம்

குமார்: அப்பா பாராகிராஃப் பிரிச்சு போடுங்க

ராமநாதன் பாம்பன்: நீ படிக்கவா போற

பாண்டி: மாப்பிள்ளைக்கு தண்ணி விளையாட்டுதான வேணும். பிரப்பன்வலசையில கயாக் இருக்கு, அதான் துடுப்பு போடுற சின்னப் படகு

ரேவதி கனடா: ஆமா பாண்டி மாமா, அவரும் அதத்தான் கேட்டாரு. குருசடைத் தீவுக்கு படகு போகுதாமே?

ராமநாதன் பாம்பன்: போகும். வனத்துறை கூட்டிட்டுப் போவாங்க. ஆனா நீ வர்றது மார்கழி தாயி. வாடைக்காத்து நேரம், வடக்குக்கடல் அலை ஏறிக் கெடக்கும். அதைப் பொண்ணுக்கடல்னு சொல்லுவோம், தெக்குக்கடல ஆம்பளைக்கடல்னு சொல்லுவோம், ஆனா வாடை அடிக்கும்போது பொண்ணுக்கடல்தான் கோவத்துல நிக்கும். பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்கன்னா படகு, கயாக் எதுவும் கெடையாது. அன்னன்னைக்கு காலையில நான் போயி பாத்துட்டு சொல்றேன், முன்கூட்டியே காசு கட்டிறாதீங்க

மீனா: மீன் கெடைக்குமா மாமா அப்ப

ராமநாதன் பாம்பன்: மீன்பிடி தடைக்காலம் சித்திரையில இருந்து வைகாசி கடைசி வரைக்கும்தான். மார்கழியில படகு போனா மீன் உண்டு

செல்வி: வெளமீனு வாங்கி வைங்கண்ணே. பிள்ளைகளுக்கு முள்ளு எடுத்துக் குடுக்கணும்

மீனா: பனங்கிழங்கும் வந்துரும் அப்ப. அவிச்சு வைக்கிறேன்

பாண்டி: (ஃபார்வர்டு செய்யப்பட்ட வீடியோ) தனுஷ்கோடிக்கு இனிமே வண்டி விடமாட்டாங்களாம், கடல் ரோட்டை அரிச்சிருச்சாம், பாத்தீங்களா

ரேவதி கனடா: ஐயையோ

குமார்: சித்தப்பா இது பழைய வீடியோ. போன வாரம் என் ஃபிரண்டு போயிட்டு வந்தான்

ராமநாதன் பாம்பன்: நேத்துக்கூட போயிட்டு வந்தாங்க. 2017ல ரோடு போட்டதுல இருந்து அரிச்சல்முனை தூண் வரைக்கும் கார் போகுது. இருட்டுறதுக்குள்ள திரும்பிரணும், செக்போஸ்ட்ல நேரம் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. கண்டதையும் போட்டு பிள்ளைய பயமுறுத்தாத பாண்டி

பாண்டி: வந்துச்சு அனுப்புனேன்

ரேவதி கனடா: அத்தை 22 தீர்த்தமும் ஆடணும்ங்கிறாங்க. 71 வயசு, முட்டி வலி. முடியுமா?

செல்வி: முடியும்மா. மெதுவா. ரெண்டு செட்டு துணி கொண்டு வாங்க

ராமநாதன் பாம்பன்: மொதல்ல அக்னி தீர்த்தம், அதான் கடலு, அஸ்தியும் திதியும் அங்க. அப்புறம்தான் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், கெணறு கெணறா போகணும், வாளியில மொண்டு தலையில ஊத்துவாங்க, கடைசியா கோடி தீர்த்தம். கல்லு தரை பூரா ஈரம், வழுக்கும், அவங்க கைய ஒருத்தர் விடாம புடிச்சுக்கணும். ஈரத்துணியோட சாமி பாக்க விடமாட்டாங்க, மாத்திட்டுத்தான் போகணும். பிள்ளைகளை வெளிப்பிராகாரத்துல ஒரு மூலையில நிக்க வச்சு தூண் வரிசைய பாக்கச் சொல்லு, ஆயிரத்து இரநூத்துச் சொச்சம் தூணு. பேக்கரும்புல கலாம் மணிமண்டபம் வழியிலயே இருக்கு. சண்டை நேரத்துல ரயிலு நிக்காம போகும்போது தூக்கிப் போடுற பேப்பர் கட்டை எடுத்துப் போட்ட பையன் இவருன்னு சொல்லி காட்டு, சும்மா சிலைன்னு காட்டாத

மீனா: சங்கு கடையில பவளப்பாறை வாங்கிறாதீங்க. அது குத்தம்

ரேவதி கனடா: சரி மீனா அத்தை. அப்ப 21 கோயில், 22 தனுஷ்கோடி, 23 படகு இல்லன்னா அரியமான் பீச். ஓகேவா?

மீனா: 22 வேண்டாமே

செல்வி: ஆமா 22 வேண்டாம்

ரேவதி கனடா: ஏன்மா?

மீனா: அம்மாச்சி அன்னைக்கு சாப்பிட மாட்டாங்க

ரேவதி கனடா: விரதமா? எனக்குத் தெரியாதே

ராமநாதன் பாம்பன்: விரதம் இல்ல தாயி. உனக்கு யாரும் சொல்லல போல. 1964 டிசம்பர் 22 ராத்திரிதான் புயல் அடிச்சது. எனக்கு அப்ப ஆறு வயசு, பாம்பன் வீட்டு மச்சுல என்னையும் உங்கம்மாவையும் போத்தி வச்சுட்டு அம்மா வாசக்கதவுல முதுக குடுத்து விடியிற வரைக்கும் நின்னாங்க, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ஸ்டேஷனுக்கு முன்னாடியே நின்னுபோச்சு, கடல் வந்து ரயில எடுத்துட்டுப் போயிருச்சு. அம்மாவோட தம்பி ராசு மாமா, எனக்கு சின்ன மாமன், தனுஷ்கோடி ஜெட்டில மூட்டை தூக்குனாரு. அப்ப அங்க இருந்துதான் தலைமன்னாருக்கு கப்பலு, மெட்ராஸ்ல ரயிலேறுனா கப்பல் மாறி கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டு. அவரு இருந்த குடிசை இல்ல, ஜெட்டி இல்ல, உடம்பும் கெடைக்கல. அவரு நல்லா நீச்சல் தெரிஞ்சவரு, அக்கரைக்கு நீந்தி தலைமன்னார்ல கரை ஏறியிருப்பாருன்னு அம்மா நெனச்சாங்க. ரேடியோவுல இலங்கை நியூஸ் வந்தா அடுப்ப விட்டுட்டு வந்து நிப்பாங்க. அதனால திதி குடுக்கவே இல்ல. 61 வருசம்

குமார்: அப்பா இது எனக்கே தெரியாது

ராமநாதன் பாம்பன்: நீ கேக்கல

ரேவதி கனடா: மாமா. நான் என்னமோ பிக்னிக் மாதிரி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க

ராமநாதன் பாம்பன்: இதுல மன்னிக்க என்ன இருக்கு. போகணும் தாயி, பிள்ளைக பாக்கணும். ஆனா கார்ல போயி தூண்ல நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு திரும்பிறாதீங்க. இடிஞ்ச சர்ச்சு சுவத்த தொட்டுப் பாக்கச் சொல்லு, அது கடல்ல எடுத்த பவளக்கல்லு, துளைதுளையா இருக்கும். அப்புறம் ஊத்து காட்டணும். கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல மணல கையால ஒரு முழம் தோண்டுனா தண்ணி ஊறும், மொத கலங்கலா வரும், கொஞ்சம் பொறுத்தா தெளிஞ்சிரும், சிரட்டையால மொண்டு வாயில வச்சா சக்கரையா இருக்கும். ரெண்டு பக்கமும் உப்புக்கடலு, நடுவுல அந்த தண்ணி. அந்த ஊத்தை நம்பித்தான் இன்னமும் அங்க குடிசை போட்டு மீன் புடிக்கிற சனம் இருக்கு. அரிச்சல்முனையில மட்டும் கால் நனைக்கக்கூட விடாத, ரெண்டு கடலும் சேர்ற எடம், சுழிச்சு இழுத்துரும்

செல்வி: அண்ணே அம்மா கேட்டா அழுவாங்கண்ணே இதையெல்லாம் குரூப்ல போடுறீங்க

மீனா: அத்தை பக்கத்துலதான் இருக்காங்க. நான் சத்தமா படிச்சேன்

செல்வி: ஏண்டி

மீனா: அவங்கதான் படிக்கச் சொன்னாங்க

பாண்டி: என்ன சொன்னாங்க

மீனா: ஒண்ணும் சொல்லல. வெத்தல பெட்டிய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க

மீனா: இப்ப கேக்குறாங்க, ரேவதி மாமியா யாருக்கு திதி குடுக்க வர்றாங்கன்னு. வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன். ராசுக்கும் அப்படியே ஒரு பிண்டம் வைக்க சொல்லலாமான்னு கேக்குறாங்க

செல்வி: அம்மாவா கேட்டாங்க?

மீனா: ஆமாக்கா. அவங்கதான்

பாண்டி: 61 வருசம் கழிச்சு

ரேவதி கனடா: எங்க அத்தைகிட்ட இப்பவே சொன்னேன். அதுக்கென்ன தாராளமா, நானும் அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கிறேன்னு சொல்றாங்க. அம்மாச்சி வருவாங்களா?

ராமநாதன் பாம்பன்: செத்த நாள்தான் திதியான்னு ஐயர்கிட்ட கேக்கணும். உடம்பு கெடைக்காதவங்களுக்கு முறை வேற இருக்கும். நாளைக்கு காலையில போயி கேட்டுட்டு சொல்றேன்

செல்வி: அப்ப 22தான் வச்சுக்கணும்

மீனா: சாப்பிடாம வருவாங்களா அவங்க அவ்வளவு தூரம். 86 வயசு

செல்வி: ராம்நாட்ல இருந்து ஒரு மணி நேரந்தான. நீ வேணாங்கிறியா

மீனா: நான் வேணாம்னு சொல்லலக்கா. போன வருசம் விழுந்தப்ப ஆஸ்பத்திரியில நான்தான் பத்து நாள் இருந்தேன், அதான் சொல்றேன்

பாண்டி: சரி விடுங்க ரெண்டு பேரும்

மீனா: தனுஷ்கோடிக்கும் வர்றேங்கிறாங்க. எறங்க மாட்டாங்களாம். வண்டியிலயே இருந்துக்குவாங்களாம்

ராமநாதன் பாம்பன்: அம்மாவா சொன்னாங்க

மீனா: ஆமா மாமா. ஊத்துத் தண்ணி மட்டும் யாராவது ஒரு சொம்புல கொண்டு வந்து குடுங்கன்னு சொன்னாங்க. இப்ப படுத்துட்டாங்க

குமார்: வேன் 12 சீட்டா 17 சீட்டா சொல்லுங்க. நானும் லீவு போடுறேன்

செல்வி: 17. அம்மாவுக்கு முன் சீட்டு

மீனா: அத்தை ராத்திரி பாம்பன்ல தங்குனா வெஸ்டர்ன் வேணும். குத்துக்கால் போட முடியாது

பாண்டி: கொத்தனார்கிட்ட பேசுறேன்

செல்வி: எப்ப

பாண்டி: நாளைக்கு