ஸ்காட்லாந்தின் பழைய ரெஜிமென்டுகளை 2006இல் ஒன்றாக்கியது சரியான முடிவா?

ஏட்டுவாசகன் கேட்டது:

வணக்கம். 2006 மார்ச் 28 அன்று, அரச காவல் படையான ஸ்காட்ஸ் கார்ட்ஸ் நீங்கலாக, ஸ்காட்லாந்தின் காலாட்படை ரெஜிமென்டுகள் (தனிப்பெயர் கொண்ட படைப்பிரிவுகள்) அனைத்தும் ‘ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து’ என்ற ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ராயல் ஸ்காட்ஸ் 1633இலேயே தோன்றியது. இத்தனை தலைமுறைகளாகத் தனிப்பெயரோடும் தனிக்கொடியோடும் போரிட்ட படைகளை ஒன்றாக்க வேண்டிய தேவை என்ன? பழைய மரபில் எதையேனும் காப்பாற்ற முடிந்ததா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குறிஞ்சிவாசன்:

2004 டிசம்பரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூன் அறிவித்த சீரமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். வட அயர்லாந்தில் அமைதி திரும்பியதால் அங்கே தேவைப்பட்ட படையின் அளவு குறைந்திருந்தது. ஆகவே காலாட்படை பட்டாலியன்களை (ரெஜிமென்டுக்குள் பல நூறு வீரர்கள் கொண்ட பிரிவுகளை) 40இலிருந்து 36ஆகக் குறைக்க முடிவு செய்தார்கள். அதுவரை ஒவ்வொரு பட்டாலியனும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடத்தையும் பணியின் தன்மையையும் மாற்றிக்கொண்டே இருந்தது. கவச வண்டிப் பணியிலிருந்து இலகுரகப் பணிக்கு மாறும் படை, மறுபயிற்சி முடியும்வரை போருக்கு அனுப்பத் தகுதியற்றதாகவே இருக்கும். வீரர்களின் மனைவியர் வேலையை விட்டு, பிள்ளைகள் பள்ளியை விட்டு இடம்பெயர வேண்டியிருந்ததும் சிறிய துன்பமன்று. பட்டாலியன் ஓரிடத்தில் நிலைத்திருக்க, வெவ்வேறு அனுபவத்தை விரும்பும் வீரர் மட்டும் பட்டாலியன் விட்டுப் பட்டாலியன் மாறலாம் என்றால், அவை ஒரே ரெஜிமென்டைச் சேர்ந்தவையாக இருப்பது வசதி. பல பட்டாலியன்களைக் கொண்ட பெரிய ரெஜிமென்டுகள் உருவான காரணம் இதுதான். அது வலுவான காரணம் என்றே கருதுகிறேன்.

ராயல் ஸ்காட்ஸும் கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸும் 2006 ஆகஸ்டில் ஒரே பட்டாலியனாக இணைந்து 1ஆம் பட்டாலியனாயின. ராயல் ஹைலேண்ட் ஃப்யூசிலியர்ஸ், பிளாக் வாட்ச், ஹைலேண்டர்ஸ், ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் ஆகியவை முறையே 2 முதல் 5 வரையிலான பட்டாலியன்களாயின. 6, 7 ஆகிய இரண்டும் பகுதிநேரப் படைகள்.

நெய்தல்நிலா:

காரணங்களை மறுக்கவில்லை, ஆனால் அறிவிப்பு வந்த வேளையை மறந்துவிட முடியாது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2004 நவம்பர் 4 அன்று, ஈராக்கில் தற்கொலைத் தாக்குதலில் பிளாக் வாட்ச் வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். களத்தில் நின்ற படையின் தனித்த வாழ்வை முடிக்கும் செய்தி அந்தத் துயரம் ஆறுவதற்குள் வந்தபோது, ஸ்காட்லாந்து மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. முன்னாள் வீரர்கள் வீதியில் இறங்கினார்கள். 1968இல் ஆர்கைல்ஸைக் கலைக்கப் போவதாக அறிவித்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பது புரியும். அந்தப் படை ஒரு கம்பெனி (பட்டாலியனின் ஒரு சிறு பகுதி) அளவுக்குச் சுருக்கப்பட்டாலும், 1972இல் மீண்டும் முழு பட்டாலியனாக உயிர்பெற்றது.

குறிஞ்சிவாசன்:

பழைய ரெஜிமென்டுகள் என்று நாம் சொல்பவையே பெரும்பாலும் முந்தைய இணைப்புகளின் விளைவுதான். ஆர்கைல்ஸ் 1881இல் 91ஆம், 93ஆம் ரெஜிமென்டுகளைச் சேர்த்து உருவானது. கிரிமியப் போரின்போது பலகிளாவாவில் 1854இல் குதிரைப்படையை எதிர்த்து நின்றது அந்த 93தான். ராயல் ஹைலேண்ட் ஃப்யூசிலியர்ஸ் 1959இல் பிறந்தது. ஹைலேண்டர்ஸ் 1994இல்தான் அமைந்தது, அதற்குள் சீஃபோர்த், கேமரன், கார்டன் என்ற மூன்று பழைய ரெஜிமென்டுகளின் மரபுகள் உள்ளன. இணைப்பை ஏற்க மறுத்த கேமரோனியன்ஸ் மட்டும், தாங்கள் 1689இல் திரட்டப்பட்ட டக்ளஸ் என்னும் அதே ஊரில், 1968 மே 14 அன்று கலைந்துபோகும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய உறுதியை மதிக்கிறேன். ஆனால் இணைந்தவர்களின் பெயராவது படைவரிசையில் நீடித்தது.

ஏட்டுவாசகன்:

மிக்க நன்றி. அப்படியானால் 2006க்குப் பின் பழைய அடையாளங்கள் எந்த அளவுக்கு எஞ்சின?

நெய்தல்நிலா:

பெயர்களை விட்டுவிடவில்லை, பிளாக் வாட்ச் இன்றும் ‘பிளாக் வாட்ச், 3ஆம் பட்டாலியன்’ என்றே வழங்கப்படுகிறது. தொப்பியின் இறகுக் குஞ்சத்தின் நிறமும் பட்டாலியனுக்கேற்ப வேறுபடும்: பிளாக் வாட்சுக்குச் சிவப்பு, ஹைலேண்டர்ஸுக்கு நீலம், ஆர்கைல்ஸுக்குப் பச்சை. தொப்பிச் சின்னமும், கில்ட் என்னும் மடிப்புப் பாவாடையின் டார்ட்டன் கட்டம்போட்ட துணியும் மட்டும் எல்லோருக்கும் பொதுவாயின.

என் மனக்குறை அடையாளங்களைப் பற்றியதன்று. பெரிய ரெஜிமென்டுக்குள் சேர்ந்தால் பட்டாலியன்கள் பாதுகாப்பாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போனதே என்பதுதான். 2012இல் அறிவித்த சீரமைப்பின்படி ஆர்கைல்ஸ் மறுபடியும் ஒரே கம்பெனியாகச் சுருங்கி, எடின்பரோவில் சடங்குக் காவல் பணிக்கு அமர்த்தப்பட்டது. 2021 டிசம்பரில் 1ஆம் பட்டாலியன் புதிய ரேஞ்சர் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனாக மாற்றப்பட்டது. ஆக, 1633இல் தொடங்கிய வரிசையின் தொடர்ச்சி இன்று ஸ்காட்லாந்தின் பெயரைத் தாங்கிய ரெஜிமென்டுக்கு வெளியே நிற்கிறது. தனி ரெஜிமென்டு ஒன்றைக் கலைக்க முற்பட்டால் நாடே எழுந்து கேட்கும்; எண்ணிட்ட பட்டாலியன் ஒன்று குறையும்போது அத்தகைய குரல் எழுவதில்லை.

குறிஞ்சிவாசன்:

இந்த இடத்தில் தங்களோடு உடன்படுகிறேன். ஆயினும் ஆட்சேர்ப்பில் நீண்ட காலமாக இருந்துவந்த பற்றாக்குறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆள் நிரம்பாத பட்டாலியனுக்காக வாதாடுவது, எவ்வளவு புகழ்பெற்ற பெயரைத் தாங்கியதாயினும், தளபதிகளுக்குக் கடினமாகவே இருந்திருக்கும்.